முதல் பேரை நம்பாதே மச்சி!

இருபது டி.என்.ஏ. சீக்வென்ஸ்... ஒரே ஒரு கிளிக்... சடசடன்னு வந்து விழுது ஒரு லிஸ்ட்! அதை எப்படிப் படிக்கிறது? பயோ பசங்களுக்கு மட்டுமில்ல, எல்லோருக்கும்தான் இந்த மேட்டர்!

'ஜுராசிக் பார்க்' பார்க்காதவங்க கை தூக்குங்க பார்ப்போம்! ஒரு கைகூட எழலையே! மரப்பிசினில் மாட்டிச் செத்த கொசு, கொசு வயிற்றில் டைனோசர் ரத்தம், ரத்தத்தில் டி.என்.ஏ... அதை வைத்து டைனோசரையே திரும்பப் பொறிக்கிறார்கள் என்று 1993-ல் ஸ்பீல்பெர்க் காட்டிய படம். அதற்கு மூன்று வருடம் முன்பே, 1990-ல், மைக்கேல் கிரைட்டன் எழுதிய நாவல் வந்துவிட்டது. நாவலில் ஓர் இடத்தில், இதுதான் டைனோசர் டி.என்.ஏ. என்று ஏ, டி, ஜி, சி எழுத்துக்களை வரிவரியாக அச்சடித்திருப்பார்கள்.

படிக்கிற நாம என்ன செய்வோம்? அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு, டைனோசர் யாரைக் கடிக்குதுன்னு பார்க்கப் போயிடுவோம். ஒருத்தர் மட்டும் தள்ளவில்லை. அவர் பெயர் மார்க் போகுஸ்கி. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனமான என்.ஐ.ஹெச்.சின் கீழ் என்.சி.பி.ஐ. என்று ஒரு மையம் இருக்கிறது. உலகம் முழுக்க விஞ்ஞானிகள் படித்தெடுக்கும் டி.என்.ஏ. வரிசைகளைச் சேர்த்து வைக்கிற 'ஜென்பேங்க்' அங்கேதான் இருக்கிறது. போகுஸ்கி அங்கே வேலை பார்த்தவர். நாவலில் இருந்த எழுத்துக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, 'இதே மாதிரி வேற யார்கிட்டயாவது இருக்கா?' என்று டேட்டாபேஸைக் கேட்டார்.

பதில் வந்தது. டைனோசர் இல்லை. பல்லி இல்லை. கோழிகூட இல்லை... பி.பி.ஆர்.322!

அது ஒரு பிளாஸ்மிட். பாக்டீரியாவுக்குள் ஜீனை ஏற்றி அனுப்ப லேப்களில் பயன்படுத்துகிற குட்டி வண்டி. 1977-ல் உருவாக்கினார்கள். மொத்தமே 4,361 எழுத்து. ஆறரைக் கோடி வருடத்துக்கு முந்தைய டைனோசர் என்று நினைத்துக் கேட்டால், 'தம்பி, இது உங்க லேப் ஃப்ரிட்ஜ்லயே இருக்கு' என்று பதில்! 1992-ல் போகுஸ்கி இதை 'பயோடெக்னிக்ஸ்' என்ற ஆய்விதழில் ஒரு கட்டுரையாகவே எழுதிவிட்டார்.

சிரிச்சாச்சா? இப்ப கொஞ்சம் சீரியஸ். நாவலில் நடந்தால் காமெடி. உங்க ஃபைனல் இயர் புராஜெக்ட்டில் நடந்தால்?

பாட்டுக்குப் பாட்டு!

ஹாஸ்டல் ரூம். ராத்திரி பன்னிரண்டு மணி. சீக்வென்சிங் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. குளத்து மண்ணிலிருந்து எடுத்து வளர்த்த இருபது பாக்டீரியாக்களின் டி.என்.ஏ. வரிசைகள். ஒவ்வொன்றிலும் எழுநூறு, எண்ணூறு எழுத்து.

"என்ன பாக்டீரியாடா இது?"

"பிளாஸ்ட்ல போட்டுப் பாரு மச்சி. முதல்ல என்ன பேரு வருதோ, அதை எழுதிடு."

இந்த ஒரு வரி அட்வைஸ்தான் இந்தக் கட்டுரையின் வில்லன். ஏன் வில்லன் என்று புரிய, பிளாஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

பஸ்ஸில் போகும்போது டீக்கடை ரேடியோவிலிருந்து ஒரு பாட்டு காதில் விழுகிறது. ரெண்டு வார்த்தைதான் கேட்டது. அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. ஆனாலும் பாட்டைக் கண்டுபிடிச்சிடுறோம் இல்லையா? அந்த ரெண்டு வார்த்தை வருகிற பாட்டுக்களை மனசு தேடுகிறது. கிடைத்த பாட்டில் முன்னாடியும் பின்னாடியும் பாடிப் பார்க்கிறது. ஒத்துப்போனால் அதுதான். இடறினால் அடுத்த பாட்டு. பிளாஸ்ட்டும் இதைத்தான் செய்கிறது.

கணக்குப்படி மிகச் சரியான வழி ஏற்கெனவே இருந்தது. 1970-ல் நீடில்மன், வுன்ஷ் இருவரும் இரண்டு வரிசைகளை முழுசாக ஒப்பிட வழி சொன்னார்கள். 1981-ல் ஸ்மித், வாட்டர்மேன் இருவரும் ரெண்டு வரிசைகளில் நன்றாகப் பொருந்துகிற பகுதியை மட்டும் கண்டுபிடிக்க வழி சொன்னார்கள். ஆனால் ஒவ்வொரு எழுத்தையும் ஒவ்வொரு எழுத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். டேட்டாபேஸ் பெருத்துக்கொண்டே போனது. அன்றைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கியது.

1990-ல் ஆல்ட்ஷுல், கிஷ், மில்லர், மையர்ஸ், லிப்மன் என்று ஐந்து பேர் சேர்ந்து ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். நம்ம வரிசையை முதலில் குட்டிக் குட்டித் துண்டாக நறுக்கு. டி.என்.ஏ.வுக்கு வழக்கமாகப் பதினோரு எழுத்து. அந்தத் துண்டு அப்படியே எங்கே இருக்கிறது என்று மட்டும் முதலில் தேடு. கிடைத்த இடத்தில் ரெண்டு பக்கமும் நீட்டிப் பார். பொருந்தினால் மார்க் கூடும், பொருந்தாவிட்டால் குறையும். மார்க் ரொம்பச் சரிந்தால் அங்கேயே நிறுத்து. இதுதான் பிளாஸ்ட்! வேகம் பிய்த்துக்கொண்டு போனது. ஆனால் ஒன்று... குறுக்கு வழி என்றால் சிலதை விட்டுவிட வாய்ப்பு உண்டு.

புற்றுநோய் சொன்ன ரகசியம்

'சரி, ஒரே மாதிரி எழுத்து இருந்தா என்ன இப்போ?' என்று கேட்பவர்களுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக்.

1983. பிளாஸ்ட் பிறக்கவே இல்லை. குரங்குகளுக்குக் கட்டி வரவழைக்கும் ஒரு வைரஸில் 'சிஸ்' என்று ஒரு ஜீன். அது என்ன செய்து கட்டியை உண்டாக்குகிறது என்று யாருக்கும் தெரியாது. கலிஃபோர்னியாவில் ரஸ்ஸல் டூலிட்டில் என்ற விஞ்ஞானி, வெளியாகிற புரத வரிசைகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிச் சேர்த்து வைத்துக்கொண்டிருந்தார். ஒப்பிட்டுப் பார்த்தால்... அந்த வைரஸ் ஜீன் தயாரிக்கிற புரதமும், நம் ரத்தத் தட்டுக்களில் இருந்து வருகிற ஒரு வளர்ச்சிப் புரதமும் கிட்டத்தட்ட ஒரே ஜாடை! காயம் பட்டால் செல்களை 'வளரு, வளரு' என்று விரட்டுகிற புரதம் அது. அதே நேரத்தில் இன்னொரு குழுவும் இதைக் கண்டுபிடித்தது.

புற்றுநோய் என்பது எங்கிருந்தோ வந்த விஷம் மட்டுமில்லை. நம் உடம்பின் வளர்ச்சி பட்டனையே யாரோ அமுக்கிப் பிடித்திருப்பதாகவும் இருக்கலாம் என்று இதனால் புரிந்தது. டெஸ்ட் டியூபைத் தொடாமல், ரெண்டு வரிசைகளை அருகருகே வைத்துப் பார்த்ததில் கிடைத்த வெளிச்சம். ஜாடை பார்க்கிற வேலை சாதாரண வேலை இல்லை பாஸ்!

இருபது பேருக்கும் ஒரே பேரா?

சரி, நம்ம ஹாஸ்டல் ரூமுக்கு வருவோம். இருபது வரிசைகளையும் ஒவ்வொன்றாக ஒட்டி, ஒவ்வொரு தடவையும் காத்திருந்து... வேண்டாம். பிளாஸ்ட்டில் எல்லாவற்றையும் ஒரே தடவையில் போடலாம். அதற்கு 'ஃபாஸ்டா' என்ற வடிவம் தெரிந்தால் போதும். ரொம்ப சிம்பிள். முதல் வரியில் அம்புக்குறியின் முனை மாதிரி ஒரு குறி, அதை ஒட்டி வரிசையின் பெயர். அடுத்த வரியிலிருந்து டி.என்.ஏ. எழுத்துக்கள். முடிந்ததும் அடுத்த வரியில் மறுபடி குறி, அடுத்த பெயர். நோட்பேடிலேயே டைப் பண்ணலாம். வேர்ட் ஃபைலில் மட்டும் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத குப்பை எல்லாம் கூட வரும்.

இங்கேதான் முதல் வழுக்கல். 'சாம்பிள் 1', 'சாம்பிள் 2' என்று நடுவில் இடைவெளி விட்டுப் பெயர் வைப்போம். பிளாஸ்ட் என்ன செய்யும் தெரியுமா? முதல் இடைவெளி வரைக்கும்தான் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அட்டவணையாக ரிசல்ட் எடுத்துப் பார்த்தால் இருபது பேருக்கும் ஒரே பேர்: 'சாம்பிள்'! எது யாருடையது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான். இடைவெளிக்குப் பதில் கீழ்க்கோடு போடுங்க. ஒவ்வொருத்தருக்கும் தனிப் பெயர் வைங்க. ரெண்டு நிமிஷ வேலை, ரெண்டு நாள் மிச்சம்.

அடுத்தது சலவை. சீக்வென்சிங் மெஷின் தருகிற வரிசையில் ஆரம்பத்தில் சில பத்து எழுத்துக்களும், கடைசிப் பகுதியும் மங்கலாக இருக்கும். அங்கே எந்த எழுத்து என்று மெஷினுக்கே சந்தேகம். கூடவே வருகிற குரோமட்டோகிராம் படத்தைத் திறந்து பாருங்க. மலை மலையாகத் தெளிவாக நிற்கிற இடத்தை வைத்துக்கொண்டு, குழம்பிக் கிடக்கிற ஓரங்களை வெட்டுங்க. ஜீனை ஏதாவது பிளாஸ்மிட்டில் ஏற்றி சீக்வென்ஸ் செய்திருந்தால், அந்த வண்டியின் எழுத்துக்களும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும். வெட்டாமல் போட்டால்? உங்க புது ஜீனுக்கும் ஜுராசிக் பார்க் ரிசல்ட்தான்! இதைப் பிடிக்கவே என்.சி.பி.ஐ.யில் 'வெக்ஸ்கிரீன்' என்று ஒரு இலவச வசதி இருக்கிறது.

இப்போது எல்லாவற்றையும் ஒட்டி, பட்டனை அமுக்குங்க. ரிசல்ட் பக்கத்தின் மேலே ஒரு கீழிறங்கு பட்டியல் இருக்கும். அதில் உங்க இருபது பேரும் வரிசையாக நிற்பார்கள். முதல் ஆளின் ரிசல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு, மற்ற பத்தொன்பது பேர் எங்கே போனாங்க என்று தேடாதீங்க.

'எதுவும் பொருந்தவில்லை' என்று வந்தால் உடனே 'புது உயிரினம் கண்டுபிடிச்சுட்டேன்' என்று ஊருக்கு போன் போட வேண்டாம். டி.என்.ஏ. பக்கத்தில் தானாகத் தேர்வாகி இருப்பது 'மெகாபிளாஸ்ட்'. ரொம்ப நெருங்கிய சொந்தங்களை வேகமாகத் தேடுவதற்கு அது. 28 எழுத்துத் துண்டு அப்படியே பொருந்தினால்தான் திரும்பியே பார்க்கும். தூரத்துச் சொந்தம் வேண்டுமென்றால் சாதாரண 'பிளாஸ்ட்-என்' தேர்வை மாற்றிப் போட்டுப் பாருங்க.

எத்தனை கார்த்திக் திரும்புவான்?

லிஸ்ட் வந்தாச்சு. நாலைந்து எண்கள் நிற்கும். பயப்பட வேண்டாம், மூன்றைப் புரிந்துகொண்டால் போதும்.

ஒன்று, ஈ-வேல்யூ. காலேஜ் கேட்டில் நின்று 'கார்த்திக்!' என்று கத்துங்க. பத்து பேர் திரும்புவான். பத்து பேரும் அண்ணன் தம்பியா? இல்லையே! 'இவ்வளவு பெரிய கூட்டத்தில், எந்தச் சொந்தமும் இல்லாமல் சும்மா தற்செயலாகவே எத்தனை பேர் திரும்புவான்?' என்பதுதான் ஈ-வேல்யூ. 10 என்றால் பத்து பேர் தற்செயலாகவே திரும்புவான், அந்தப் பொருத்தத்தை நம்ப முடியாது. புள்ளிக்குப் பின் ஐம்பது சைபர் என்றால் தற்செயல் என்ற பேச்சுக்கே இடமில்லை. கூட்டம் ரெண்டு மடங்கானால் திரும்புகிற கார்த்திக்கும் ரெண்டு மடங்காவான் இல்லையா? அதனால் டேட்டாபேஸ் பெரிசானால் அதே பொருத்தத்துக்கு ஈ-வேல்யூவும் கூடும். போன வருஷ சீனியரின் எண்ணையும் உங்க எண்ணையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.

முக்கியமான விஷயம்: ஈ-வேல்யூ 0.0 என்று வந்தால் 'நூறு சதவீதம் இதே இனம்' என்று அர்த்தமில்லை. 'இது தற்செயல் இல்லை' என்று மட்டும்தான் அர்த்தம். அண்ணனும் தம்பியும்கூட அப்படித்தான் பொருந்துவார்கள். ஆனால் அண்ணன் தம்பி ஆக மாட்டான்!

இரண்டு, பொருந்திய சதவீதம். மூன்று, எவ்வளவு நீளத்துக்குப் பொருந்தியது என்ற 'கவரேஜ்'. இந்த இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும். நூறு மார்க் பேப்பரில் ஒரே ஒரு ரெண்டு மார்க் கேள்விக்கு மட்டும் சரியாக எழுதிவிட்டு, 'எழுதினது எல்லாம் கரெக்ட்' என்று வீட்டில் சொன்னால் அம்மா விடுவாங்களா? 100 சதவீதம் பொருத்தம், கவரேஜ் 8 சதவீதம் என்று வந்தால் அதேதான்.

நூற்றுக்கணக்கில் வரிசை இருந்தால் வெப்சைட் தாங்காது. 'பிளாஸ்ட் பிளஸ்' மென்பொருளை இலவசமாக இறக்கி உங்க கம்ப்யூட்டரிலேயே ஓட்டலாம். ரிசல்ட்டை பன்னிரண்டு பத்திகள் கொண்ட அட்டவணையாகத் தரும், எக்ஸெல்லில் திறக்கலாம். ஜம்முனு இருக்கும். ஆனால் கவனிச்சீங்களா? அந்த வழக்கமான பன்னிரண்டு பத்திகளில் கவரேஜ் கிடையாது! தனியாகக் கேட்டு வாங்கணும். கேட்காதவங்க ரெண்டு மார்க் கேள்வியை வைத்தே ரேங்க் போட்டுவிடுவாங்க.

நிஜமாவே ஒரு டைனோசர் மோசம்

ஜுராசிக் பார்க் படம் வந்த அடுத்த வருஷம், 1994 நவம்பர். 'சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை. அமெரிக்காவின் யூட்டா மாகாணத்தில் ஒரு நிலக்கரிச் சுரங்கம். அங்கே கிடைத்த எட்டுக் கோடி வருடப் பழமையான எலும்புத் துண்டுகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். 174 எழுத்து நீளத்தில் ஒன்பது விதமான வரிசைகள். 'சைட்டோகுரோம் பி' என்ற மைட்டோகாண்ட்ரியா ஜீனின் துண்டு. அன்று தெரிந்திருந்த உயிரினங்களோடு ஒப்பிட்டார்கள். எதனோடும் அச்சு அசலாகப் பொருந்தவில்லை. அப்போ... டைனோசர்தானோ? உலகமே பரபரத்தது.

1995-லேயே மற்ற விஞ்ஞானிகள் அதே வரிசைகளை எடுத்து மறுபடி அலசினார்கள். டைனோசர் என்றால் பறவைக்கும் முதலைக்கும் பக்கத்தில் நிற்கணும். இதுவோ பாலூட்டிகள் பக்கம் போய் நின்றது! அதிலும் எந்தப் பாலூட்டி? மனுஷன்!

எப்படி? நம் செல்லில் மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்று தனி டி.என்.ஏ. உண்டு. பரிணாமத்தின் நீண்ட காலத்தில் அதன் துண்டுகள் அவ்வப்போது கழன்று, செல்லின் உட்கருவில் போய் ஒட்டிக்கொண்டு, அங்கே தன் இஷ்டத்துக்கு மாறிப்போகும். பார்க்க மைட்டோகாண்ட்ரியா ஜீன் மாதிரியே இருக்கும். ஆனால் எதோடும் சரியாகப் பொருந்தாது. மனித உயிரணுவின் தலைப்பகுதியில் உட்கரு டி.என்.ஏ.தான் இருக்கும். அதை மட்டும் பிரித்தெடுத்து ஒரு குழு சோதித்தது. 'டைனோசர்' வரிசைகளைப் போன்றவை அங்கேயே கிடைத்தன! அந்தக் குழுவில் இருந்த ஸ்வாந்தே பாபோ 2022-ல் நோபல் பரிசு வாங்கினார். எலும்பைத் தொட்ட யாரோ ஒரு மனுஷரின் டி.என்.ஏ.தான் டைனோசர் வேஷம் போட்டிருக்கிறது.

2012-ல் மோவா என்ற அழிந்துபோன பறவையின் 158 எலும்புகளை ஆராய்ந்து, அந்த எலும்புகளில் டி.என்.ஏ. பாதியாக உடைவதற்கு 521 வருடம் ஆகும் என்று கணக்கிட்டார்கள். எட்டுக் கோடி வருடத்துக்கு அப்புறம் மிச்சம் என்ன இருக்கும்? நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

இந்தக் கதையில் கம்ப்யூட்டர் பொய் சொல்லவே இல்லை, கவனிச்சீங்களா? 'என்னிடம் இருக்கிற லிஸ்ட்டில் இது மாதிரி இல்லை' என்றுதான் சொன்னது. அதை 'உலகத்திலேயே இல்லை' என்று எடுத்துக்கொண்டது மனுஷன். 1994-ல் மனித ஜீனோமே முழுசாகப் படிக்கப்படவில்லை. லிஸ்ட்டில் எப்படி இருக்கும்?

பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2001-ல் மனித ஜீனோமின் முதல் வரைவு வெளியானபோது, 223 புரதங்கள் பாக்டீரியாவோடு ஒத்துப்போகின்றன, நடுவில் இருக்கிற முதுகெலும்பில்லாத உயிரினங்களில் காணவில்லை, ஆகவே அந்த ஜீன்கள் பாக்டீரியாவிலிருந்து நேராக நம் பரம்பரைக்குத் தாவியிருக்கலாம் என்று எழுதினார்கள். சில மாதத்திலேயே ஸ்டீவன் சால்ஸ்பெர்க் குழு, ஒப்பிடும் ஜீனோம்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்தது. கூட்டக் கூட்ட, 'தாவிய' ஜீன்கள் நாற்பது சொச்சமாகச் சுருங்கின. மிச்சமும் சுருங்கும் என்றார்கள்.

ஒண்ணே ஒண்ணு போதும்னு சொன்னா...

ஆயிரக்கணக்கில் வரிசை போடுகிறவர்களுக்கு ஒரு சபலம் வரும். 'ஒவ்வொண்ணுக்கும் நூறு பேரு எதுக்கு? முதல் ஆள் ஒருத்தன் போதும்' என்று. அதற்கு பிளாஸ்ட் பிளஸ்ஸில் ஒரு தேர்வு இருக்கிறது. எத்தனை பொருத்தம் வேண்டும் என்று எண் கொடுக்கலாம். 1 என்று போட்டுவிடுவார்கள்.

2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். 1 என்று போட்டால் 'மிகச் சிறந்த' பொருத்தம்தான் வரும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை, தேடும்போது முதலில் தட்டுப்பட்ட நல்ல பொருத்தம் வந்துவிடலாம் என்றார்கள். அவர்கள் காட்டிய உதாரணத்துக்குக் காரணம் மென்பொருளில் இருந்த ஒரு பிழை என்று என்.சி.பி.ஐ. பதில் சொல்லி, அதே ஆண்டின் இறுதியில் வந்த பதிப்பில் சரிசெய்தது. கூடவே, ஐந்துக்குக் குறைவான எண் கொடுத்தால் எச்சரிக்கும்படியும் வைத்தது. ஆக, அந்த மென்பொருளே சொல்கிறது: 'தம்பி, குறைஞ்சது அஞ்சு பேரையாவது பாருடா!'

ஐந்து பேரைப் பார்த்தால் என்ன கிடைக்கும்? நிறைய. மேலே நிற்கிற ஐந்தும் ஒரே இனம், ஆறாவதில் பொருத்தம் சட்டென்று இறங்குகிறது என்றால் தைரியமாக மூச்சு விடலாம். ஐந்தும் ஐந்து வேறு இனம், எல்லாமே 99 சதவீதம் என்றால், உங்க ஜீன் துண்டு அந்த இனங்களைப் பிரித்துச் சொல்லப் போதவில்லை என்று அர்த்தம். அப்போது 'இன்ன பேரினம்' என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்துவதுதான் நேர்மை. முதல் பெயரில் 'கல்ச்சர் செய்யப்படாத பாக்டீரியா' என்று இருந்தால் அது பெயரே இல்லை. கீழே போய்ப் பாருங்க.

இன்னொரு விஷயம்... லிஸ்ட்டில் இருக்கிற பெயர்களை எழுதியவர்களும் நம்மை மாதிரி ஆட்கள்தான். 2006-ல் பூஞ்சைகளின் டி.என்.ஏ. வரிசைகளை ஆராய்ந்த ஒரு குழு, பொது டேட்டாபேஸில் இருப்பவற்றில் கிட்டத்தட்ட 20 சதவீதத்துக்கு இனப் பெயர் தவறாக இருக்கலாம் என்றது. ஒருத்தர் தப்பாகப் பெயர் வைத்து ஏற்றுகிறார். அடுத்தவர் பிளாஸ்ட் போட்டு அந்தப் பெயரையே எழுதி, தன் வரிசையையும் ஏற்றுகிறார். மூன்றாவது ஆள் தேடும்போது ரெண்டு சாட்சி! பரீட்சை ஹாலில் முதல் பெஞ்சுக்காரன் எழுதிய தப்பு, கடைசி பெஞ்சு வரைக்கும் அதே தப்பாகப் போய்ச் சேருகிற கதைதான்.

சூஷியில் ஜிலேபி!

'அப்போ இந்த வேலையே வேண்டாமா?' என்று சோர்ந்துபோகாதீங்க. ஒழுங்காகச் செய்தால் ஸ்கூல் பசங்களே ஊரைக் கலக்கலாம்.

2008, நியூயார்க். ரெண்டு பள்ளி மாணவிகள். ரெஸ்டாரண்ட்டிலும் கடைகளிலும் மீன் வாங்கி, கொஞ்சம் வெட்டி, 60 சாம்பிள் சேர்த்தார்கள். கனடாவின் கெல்ஃப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஒவ்வொன்றிலும் சுமார் 650 எழுத்துள்ள ஒரு ஜீன் துண்டைப் படித்து, மீன்களுக்கான டேட்டாபேஸோடு ஒப்பிட்டார்கள். அடையாளம் தெரிந்தவற்றில் நாலில் ஒரு பங்கு, போர்டில் எழுதிய மீனே இல்லை! 'வெள்ளை டூனா' என்று காசு வாங்கியது என்ன தெரியுமா? மொஸாம்பிக் திலாப்பியா. அட, நம்ம ஊர்க் குளத்து ஜிலேபிக் கெண்டை!

இது ஏன் நின்றது, டைனோசர் ஏன் விழுந்தது? மீன் டேட்டாபேஸில் பல வரிசைகளுக்குப் பின்னால், நிபுணர் பார்த்துப் பெயர் சொன்ன நிஜ மீன் ஒன்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்கலாம். தவிர, இனங்களைப் பிரித்துக் காட்டும் என்று ஏற்கெனவே சோதித்த ஜீன் துண்டு. லிஸ்ட்டுக்கு வெளியே ஒரு சாட்சி இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பட்டனை அமுக்கும் முன்னாடி...

* ஓரங்களை வெட்டியாச்சா? பிளாஸ்மிட் வால் ஒட்டியிருக்கா?

* இடைவெளி இல்லாத தனித்தனிப் பெயரா?

* கூடவே, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வரிசையையும் போடுங்க. அதற்கே தப்பான பதில் வந்தால் மற்றதை நம்ப முடியாது.

* குறைந்தது ஐந்து பெயரையாவது பாருங்க. பொருத்தம், கவரேஜ், ஈ-வேல்யூ மூன்றும் சேர்த்து.

* எந்த டேட்டாபேஸ், எந்தத் தேதி, எந்தப் பதிப்பு... ரெக்கார்டு நோட்டில் எழுதுங்க. அடுத்த வருஷம் லிஸ்ட் மாறியிருக்கும். ரிசல்ட்டை இறக்கி வைங்க, வெப்சைட்டில் அது ரொம்ப நாள் தங்காது.

* மனுஷன், ஈ.கோலை, பிளாஸ்மிட்... இவர்கள் எதிர்பாராமல் லிஸ்ட்டில் வந்தால் முதல் சந்தேகம் உங்க கையுறை மேலதான்!

கடைசியாக ஒரு குட்டிக் கதை. நாவலை மாட்டிவிட்ட போகுஸ்கியை கிரைட்டன் என்ன செய்தார் தெரியுமா? அடுத்த நாவலான 'தி லாஸ்ட் வேர்ல்ட்'டுக்கு, 'நீங்களே ஒரு டைனோசர் டி.என்.ஏ. தயாரித்துக் கொடுங்க' என்று கேட்டுவிட்டார்! போகுஸ்கியும் கோழி, தவளை வரிசைகளை வைத்து நம்பும்படியாக ஒன்றைக் கோத்துக் கொடுத்தார். 1995-ல் நாவல் வந்தது. அந்த வரிசையைப் புரதமாக மாற்றி, ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும் உரிய ஒற்றை ஆங்கில எழுத்தைப் போட்டுப் படித்தால், நடுநடுவே துண்டு துண்டாக ஒரு செய்தி வரும்: 'மார்க் வாஸ் ஹியர், என்.ஐ.ஹெச்.'

காலேஜ் பெஞ்சில் காம்பஸால் பேர் கிறுக்குகிற அதே குசும்பு! வெறும் பிளாஸ்ட் போட்டு முதல் வரியை மட்டும் பார்க்கிறவனுக்கு 'கோழி' என்று வரும். நோட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவான். பொருந்தின இடத்தை விட்டுவிட்டு, பொருந்தாத இடைவெளிகளில் என்ன இருக்கிறது என்று குடைகிறவனுக்குத்தான் மார்க் கண்ணில் படுவார்.

நாளைக்கு உங்க இருபது வரிசைகளும் ஜென்பேங்க் போகலாம். பக்கத்தில் உங்க பேர் இருக்கும். அதைத் தேடி எடுத்து நம்பப் போகிறவன், இன்னும் ப்ளஸ் டூகூட முடிக்காத ஏதோ ஒரு தம்பியாகவோ தங்கச்சியாகவோ இருக்கலாம். அவங்களுக்காகவாவது அந்த லிஸ்ட்டில் கொஞ்சம் கீழே இறங்கிப் பாருங்க மச்சி!